விட்டுப்போனதைச் சொன்ன டாக்டர்: ஹியூ வில்லியம்சன்

1787 செப்டம்பர் 12. ஃபிலடெல்ஃபியா அரசு மாளிகையில் மே மாதக் கடைசியிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. அமெரிக்க அரசியல் சாசனத்தின் திருத்திய நகல் அன்றுதான் சபைக்கு வந்திருந்தது. இன்னும் 5 நாளில் கையெழுத்து. அந்த நேரம் பார்த்து வட கரோலினா பிரதிநிதி ஒருவர், 51 வயது டாக்டர், ஒரு விஷயத்தை எடுத்தார். சிவில் வழக்குகளில் ஜூரி விசாரணைக்கு (பொதுமக்களில் சிலரே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் முறை) இதில் ஏற்பாடு எதுவும் இல்லையே, அது அவசியம் என்றார்.

பந்தல் போட்டு, மேளக்காரர் வந்து, ஐயர் மந்திரமும் ஆரம்பித்த பிறகு "தாலி எங்கே?" என்று ஒருவர் கேட்பது போலத்தான். மாசசூசெட்ஸின் நத்தானியல் கோரம், எந்த வழக்குக்கு ஜூரி பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று பிரிப்பது முடியாத காரியம், அதை வருங்கால மக்கள் பிரதிநிதிகளிடம் நம்பி விட்டுவிடலாம் என்றார். ஆனால் பேச்சு அதோடு நிற்கவில்லை. வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் எழுந்து, ஜூரி மட்டும் ஏன், குடிமக்களின் உரிமைப் பட்டியல் ஒன்றையே முகப்பில் சேர்க்கலாமே, சில மணி நேரத்தில் எழுதிவிடலாம் என்றார். வாக்கெடுப்பு நடந்தது. ஒரு மாநிலம்கூட ஆதரிக்கவில்லை. டாக்டரின் சொந்த மாநிலமான வட கரோலினாவும் வேண்டாம் என்ற பக்கம்தான்.

அந்த "வேண்டாம்" பின்னால் எவ்வளவு விலை வாங்கியது என்பதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் இந்த டாக்டர் யார் என்று பார்ப்போம். பெயர் ஹியூ வில்லியம்சன். அமெரிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிலேயே பலருக்கு இந்தப் பெயர் தெரியாது. வாஷிங்டன், ஃபிராங்க்ளின், ஹாமில்டன், மாடிசன் என்று போகும் வரிசையில் இவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் சாசனத்தை வரி வரியாகப் பிரித்து, இது யார் சொன்னது, அது யார் சொன்னது என்று மாநாட்டுப் பேச்சுகளை எழுதிவைத்த மாடிசனின் குறிப்பேட்டில் தேடினால் இந்த மனிதர் அடிக்கடி தட்டுப்படுகிறார். பெரிய தத்துவம் எதுவும் இவர் பேசியதாக இல்லை. எது விட்டுப்போயிருக்கிறது, எந்த அளவு கூடிவிட்டது என்று பார்த்துச் சொல்கிற ஆளாகத்தான் இருந்தார்.

1735 டிசம்பர் 5 அன்று பென்சில்வேனியாவின் செஸ்டர் மாவட்டத்தில் பிறந்தவர். அப்பா அயர்லாந்திலிருந்து வந்த துணி வணிகர். பிள்ளையைப் பாதிரியாராக்க வேண்டும் என்பது வீட்டின் ஆசை. ஃபிலடெல்ஃபியா கல்லூரியில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய 1757ஆம் ஆண்டு வகுப்பில் இவரும் ஒருவர். அப்புறம் இறையியல் படித்தார், பிரசங்கம் செய்ய உரிமமும் வாங்கினார். ஆனால் பிரெஸ்பிட்டேரியன் சபைக்குள் அப்போது கோஷ்டிச் சண்டை. இவருக்கு உடம்பும் சரியில்லை. அதை விட்டுவிட்டு, படித்த கல்லூரியிலேயே கணிதப் பேராசிரியரானார். அதிலும் நிலைக்கவில்லை. 1764இல் எடின்பரோவுக்குக் கப்பலேறி மருத்துவம் படித்தார், லண்டனில் கொஞ்ச காலம், கடைசியில் ஹாலந்தின் உட்ரெக்டில் பட்டம்.

அந்தக் காலத்து அமெரிக்காவில் பட்டம் பெற்ற டாக்டர் என்றால் அபூர்வம். காலனிகளின் முதல் மருத்துவப் பள்ளியே 1765இல்தான் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கியது. வைத்தியம் பார்த்தவர்களில் பெரும்பாலோர் யாராவது மூத்த வைத்தியரிடம் சில வருஷம் கூடமாட இருந்து கற்றுக்கொண்டவர்கள்தான். படித்தவர், வீடு வீடாகப் போகிறவர், பணக்காரர் ஏழை இருவரின் படுக்கையையும் பார்த்தவர் என்பதால், ஊரில் ஒரு தேர்தல் என்று வந்தால் டாக்டர் பெயர் தானாக எழும். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஜோசையா பார்ட்லெட், மாத்யூ தார்ன்டன், பெஞ்சமின் ரஷ், லைமன் ஹால் ஆகிய நால்வரும் மருத்துவர்கள். 1787 மாநாட்டில் வில்லியம்சனோடு மேரிலாந்தின் ஜேம்ஸ் மெக்ஹென்றி, வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மெக்ளர்க் என்று மூன்று மருத்துவர்கள்.

ஆனால் வில்லியம்சன் நோயாளிகளைப் பார்த்துப் பெயரெடுத்தவர் இல்லை. இவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதிய நியூயார்க் மருத்துவர் டேவிட் ஹோசாக் ஒரு விநோதமான காரணம் சொல்கிறார்: கடுமையான நோயாளி கையில் வந்துவிட்டால் இவருக்குத் தூக்கம் போய்விடும், கவலையில் இவருக்கே காய்ச்சல் கண்டுவிடும். அதனால்தான் வைத்தியத்தைக் குறைத்துக்கொண்டு வியாபாரத்தில் இறங்கினார் என்று. ஹோசாக் சொல்வதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, அதற்கும் ஒரு உதாரணம் பின்னால் வருகிறது. இருந்தாலும் இந்தச் சேதியை நான் நம்பத் தயார். ஒரு நோயாளியின் பக்கத்தில் உட்கார முடியாத மனிதர் ஒரு பட்டாளத்தையே நன்றாகப் பார்த்துக்கொண்டார் என்பதைப் பின்னால் பார்க்கும்போது இது பொருந்தித்தான் வருகிறது.

நோயாளிகளை விட்ட கையோடு அவர் கண் போகாத இடமில்லை. 1769 ஜூன் 3 அன்று வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்ததை உலகமெங்கும் வானியலாளர்கள் அளந்தார்கள். அமெரிக்கத் தத்துவக் கழகம் அதற்காக ஃபிலடெல்ஃபியா அரசு மாளிகை முற்றத்தில் ஒரு மேடை கட்டியது. அங்கே தொலைநோக்கியோடு நின்ற குழுவில் வில்லியம்சனும் இருந்தார். 1776 ஜூலை 8 அன்று சுதந்திரப் பிரகடனத்தை மக்களுக்குப் படித்துக் காட்டியது அதே மேடையில் நின்றுதான். அதற்கும் 11 வருஷம் கழித்து, முற்றத்தை ஒட்டிய மண்டபத்துக்குள் சாசனம் எழுத வில்லியம்சன் வந்து உட்கார்ந்தார்.

வால் நட்சத்திரங்களில் உயிர்கள் வாழலாம் என்றும் ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்தால் சிரிப்பு வரும். 1770இல் வாசித்த இன்னொரு கட்டுரைக்குச் சிரிக்க முடியாது. கடந்த நாற்பது ஐம்பது வருஷத்தில் நடுக் காலனிகளின் பருவநிலை மாறிவிட்டது, குளிர்காலம் முன்போல் கடுமையாக இல்லை, காட்டை வெட்டி வயலாக்கியதுதான் காரணம் என்றார் அதில். வெட்டவெளியான நிலம் வெயிலில் கூடுதலாகச் சூடாகும், அதனால் வடமேற்கிலிருந்து வரும் வாடைக்காற்றின் வேகம் குறையும் என்பது அவர் கணக்கு. மனிதன் கை வைத்தால் பருவநிலை மாறும் என்று வாதிட்ட ஆரம்பகால அமெரிக்கக் கட்டுரைகளில் இது ஒன்று. ஆனால் அவருக்கு அது நல்ல செய்தி! காடு குறையக் குறைய நாடு இதமாகும் என்று நம்பினார். கையில் முறையான வெப்பமானிப் பதிவுகள் இல்லை, பெரியவர்களின் ஞாபகம்தான் இருந்தது. அகராதி தொகுத்த நோவா வெப்ஸ்டர் பின்னால் இதே குறையைப் பிடித்துக்கொண்டு இந்த வாதத்தைக் கிழித்தெடுத்தார்.

1773இல் ஃபிலடெல்ஃபியாவுக்கு ஒரு காட்சிப் பொருள் வந்தது. கயானாவிலிருந்து கொண்டுவந்த மின் விலாங்கு, நீளம் சுமார் மூன்றரை அடி. மற்றவர்கள் காசு கொடுத்து வேடிக்கை பார்க்க, வில்லியம்சன் பரிசோதனைக்குப் போனார். தொட்டால் ஷாக் அடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். தொடாமல்? கையைத் தண்ணீருக்குள் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டு, ஒரு கெளுத்தி மீனைத் தொட்டிக்குள் விடச் சொன்னார். விலாங்கு நீந்தி வந்து மீனை ஒருமுறை பார்த்தது. கொஞ்சம் பின்வாங்கியது. அடுத்த கணம் கெளுத்தி வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது, அதே கணத்தில் அவர் விரல்களிலும் சுரீர் என்றது. ஆக, விலாங்கு தொட வேண்டியதில்லை, தண்ணீர் வழியாகவே அனுப்புகிறது. எப்போது அனுப்புவது என்பதும் அதன் விருப்பம். எட்டுப் பத்துப் பேரைக் கைகோத்து நிற்க வைத்து, வரிசை முழுக்க ஷாக் ஓடுகிறதா என்றும் பார்த்தார். ஓடியது. லண்டன் ராயல் சொசைட்டியின் இதழ் 1775இல் இதை வெளியிட்டது. கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு பார்த்தார் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த இடம்.

1773 கடைசியில் அவர் பாஸ்டனில் கப்பலுக்குக் காத்திருந்தார். டெலவேரில் நியூஆர்க் அகாடமி என்ற பள்ளிக்கு இங்கிலாந்தில் நன்கொடை திரட்டும் வேலை. டிசம்பர் 16 இரவு பாஸ்டன்காரர்கள் தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகத்தில் கொட்டினார்கள். சில நாளில் ஜான் ஹான்காக்கின் ஹேலி என்ற கப்பலில் வில்லியம்சன் ஏறினார். 1774 ஜனவரியில் தேயிலைச் சேதியை முதலில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது அந்தக் கப்பல்தான். பள்ளிக்கூட வசூலுக்குப் போனவரை மன்னரின் ஆலோசனைக் குழு கூப்பிட்டு விசாரித்தது. கெடுபிடியைத் தொடர்ந்தால் உள்நாட்டுப் போரில் போய் முடியும் என்று நேராகவே சொல்லிவிட்டு வந்தார். கேட்டவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அடுத்த சில மாதங்களில் பாஸ்டன் துறைமுகத்தையே மூடும் சட்டம் வந்தது.

ஹோசாக்கை ஏன் அப்படியே நம்பக் கூடாது என்று இப்போது சொல்கிறேன். மாசசூசெட்ஸ் ஆளுநர் ஹட்சின்சனின் ரகசியக் கடிதங்களை லண்டனில் ஒரு அலுவலகத்துக்குள் புகுந்து தந்திரமாக வாங்கி ஃபிராங்க்ளினிடம் கொடுத்தது வில்லியம்சன்தான் என்று அவர் எழுதினார். அருமையான கதை, ஆனால் தேதி இடிக்கிறது. ஃபிராங்க்ளின் அந்தக் கடிதங்களை பாஸ்டனுக்கு அனுப்பியது 1772 டிசம்பரில். இவர் லண்டன் போய்ச் சேர்ந்தது 1774இல்.

1777இல் நாடு திரும்பினார். தென்பக்கம் போய், வட கரோலினாவின் ஈடன்டன் என்ற சிறு துறைமுக ஊரில் தங்கி, மேற்கிந்தியத் தீவுகளோடு வியாபாரம் செய்தார். அங்கிருந்துதான் மாநிலப் படையின் தலைமை மருத்துவர் ஆனார்.

பிரிட்டனோடு நடந்த அந்தச் சுதந்திரப் போரில் குண்டுக்குப் பலியானவர்களைவிட நோய்க்குப் பலியானவர்கள் அதிகம். அதிலும் பெரியம்மை. ஜென்னரின் பசு அம்மைத் தடுப்பூசி வர 1796 ஆக வேண்டும். அப்போது இருந்த ஒரே வழி, அம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்ததைச் சருமத்தைக் கீறி ஏற்றுவது. லேசாக அம்மை கண்டு தேறிவிடுவார்கள், சிலர் இறந்தும் போவார்கள். ஏற்றிக்கொண்டவர் தேறும்வரை மற்றவருக்குத் தொற்றவைக்கவும் கூடும். அதனால் ஒரு படைக்கே இதைச் செய்வது துணிச்சலான முடிவு. வாஷிங்டன் 1777இல் தன் படைக்கு அப்படி உத்தரவிட்டார். ஆனால் மாநிலங்களின் குடிப்படை ஆட்கள் வயலிலிருந்து நேரே வந்தவர்கள், பலருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

1780 ஆகஸ்ட் 16 அன்று தென் கரோலினாவின் கேம்டனில் அமெரிக்கப் படை சிதறி ஓடியது. தளபதி கேட்ஸ் குதிரையேறிப் போனவர், அன்று ராத்திரி கிட்டத்தட்ட 60 மைலுக்கு அப்பால் சார்லட்டில்தான் இறங்கினார். வில்லியம்சன் எதிர்ப்பக்கமாக நடந்தார். பிடிபட்டுக் கிடந்த காயக்காரர்களைப் பார்க்க, வெள்ளைக் கொடியோடு பிரிட்டிஷ் முகாமுக்குள் போக அனுமதி கேட்டார். போகாதே என்று தடுத்தவர்களிடம், கொடிக்கே மரியாதை இல்லாத காலம் வரை நான் இருந்துவிட்டேன் என்றால், ஒரு நாள் அதிகமாகவே வாழ்ந்துவிட்டேன் என்று அர்த்தம் என்றாராம். இரண்டு மாதம் எதிரி முகாமில் இருந்தார். அங்கே கைதிகளிடையே அம்மை பரவியபோது, அவர்களுக்கு அம்மை கீறி ஏற்ற வேண்டும் என்று பிரிட்டிஷ் அதிகாரிகளோடு வாதாடினார்.

அவருடைய மருத்துவத்தின் உச்சம் இதுவும் இல்லை என்பேன். அந்தக் குளிர்காலத்தில் ஜெனரல் ஐசக் கிரெகரியின் படை டிஸ்மல் சதுப்புநிலத்தில் முகாமிட்டது. 'டிஸ்மல்' என்றாலே சோகம் பிடித்த, இருண்ட என்று பொருள், பெயருக்கேற்ற இடம்தான். கறுப்பு நீர், சேறு, கொசு. அங்கே வில்லியம்சன் செய்தது சின்னச் சின்னக் காரியங்கள். படுக்க உலர்ந்த இடம் பார்த்தார், உடுப்பு நனையாமல் பார்த்தார், சாப்பாட்டின் தரத்தில் கண் வைத்தார், முகாமைச் சுத்தமாக வைக்கச் சொன்னார். ஆறு மாதத்தில் 500லிருந்து 1,200 பேர் வரை இருந்த முகாமில் இறந்தவர்கள் இரண்டே பேர், நோயென்று ஒருவரைக்கூட வீட்டுக்கு அனுப்பவில்லை என்கிறார் ஹோசாக். எண்ணில் கொஞ்சம் மெருகு இருக்கலாம். இருந்தாலும், கிருமி என்ற ஒன்றையே யாரும் நினைத்துப் பார்க்காத காலத்தில், சதுப்புநிலத்தில் ஒரு படை கலையாமல் இருந்தது.

1782இல் ஈடன்டன் மக்கள் அவரை மாநிலச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். அதே வருஷம் மாநிலம் அவரைக் காங்கிரஸுக்கு, அதாவது எல்லா மாநிலங்களின் பிரதிநிதிகளும் கூடும் சபைக்கு, அனுப்பியது. நோயாளியைப் பார்த்துக் காய்ச்சல் வாங்கிய மனிதருக்குக் கமிட்டி வேலை ஒத்துக்கொண்டது. எழுத்தாளர்களின் பதிப்புரிமையைக் காக்க மாநிலங்கள் சட்டம் போட வேண்டும் என்று 1783இல் பரிந்துரைத்த மூவர் கமிட்டியில் இவரும் மாடிசனும் இருந்தார்கள்.

1784 ஏப்ரல் 19 அன்று நடந்த வாக்கெடுப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மேற்கே புதிதாக உருவாகும் மாநிலங்களில் 1800க்குப் பிறகு அடிமைமுறை கூடாது என்று ஜெஃபர்சன் ஒரு பிரிவு எழுதியிருந்தார். அது நிலைக்க 7 மாநிலங்கள் வேண்டும். 6 கிடைத்தன. தெற்கிலிருந்து ஆதரித்தவர்கள் இரண்டே பேர்: ஜெஃபர்சன், வில்லியம்சன். வில்லியம்சனின் சக பிரதிநிதி ஸ்பெய்ட் எதிர்த்ததால் வட கரோலினாவின் வாக்கு பாதிக்குப் பாதியாகிச் செல்லாமல் போனது. நியூ ஜெர்சி ஆதரித்திருக்கும். ஆனால் ஒரு மாநிலத்தின் வாக்கு செல்ல இரண்டு பிரதிநிதிகளாவது வேண்டும். வந்திருந்தவர் ஒருவர், இன்னொருவர் உடம்பு சரியில்லாமல் அறையிலேயே படுத்திருந்தார். அந்த ஜான் பீட்டி, அவரும் ஒரு டாக்டர்.

இனி 1787க்குத் திரும்புவோம். ஜார்ஜியா பிரதிநிதி வில்லியம் பியர்ஸ் மாநாட்டுக்கு வந்தவர்களைப் பற்றிச் சின்னச் சின்னச் சித்திரங்கள் எழுதி வைத்தார். வில்லியம்சன் படித்தவர், எந்த விஷயத்தையும் கவனித்துப் பேசுபவர், நகைச்சுவை உள்ளவர், ஆனால் பேச்சாளர் இல்லை என்கிறார். வயதைச் சுமார் 48 என்று போட்டார். பார்க்க அப்படி இருந்தாரோ என்னவோ.

பேச்சாளர் இல்லாத இந்த மனிதர் செய்தவற்றைப் பாருங்கள். மாநாடு ஆரம்பித்த சில நாளிலேயே, ஜூன் 2 அன்று, நாட்டின் தலைவர் முறைகேடு செய்தாலோ கடமை தவறினாலோ குற்றம் சாட்டி, நிரூபித்துப் பதவியிலிருந்து நீக்க வழி வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் இவர். சபை ஏற்றுக்கொண்டது. வாசகம் பின்னால் மாறி, செப்டம்பரில் "தேசத்துரோகம், லஞ்சம், பிற பெருங்குற்றங்கள், தவறுகள்" என்று ஆனது. கடமை தவறுதல் என்ற காரணம் அடிபட்டுப் போனது. ஆனால் அதிபரையும் நீக்கலாம் என்ற வழி அப்படியே நின்றது.

அதிபரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது அந்தக் கோடை முழுக்க ஓடிய தலைவலி. மக்கள் நேரடியாக வாக்களித்தால் பெரிய மாநிலத்துக்காரரே எப்போதும் ஜெயிப்பார் என்று சிறிய மாநிலங்களுக்குப் பயம். ஜூலை 25 அன்று வில்லியம்சன் அதற்கு ஒரு "குணப்படுத்தும் வழி" சொன்னார். மாடிசன் குறிப்பில் இருக்கும் சொல்லே அதுதான். ஒவ்வொருவரும் 3 பேருக்கு வாக்களிக்கட்டும். ஒருவர் சொந்த ஊர்க்காரராக இருப்பார், மற்ற இருவரும் வேறு மாநிலத்துக்காரர்களாக இருக்கத்தானே வேண்டும்? கவர்னர் மாரிஸுக்கு யோசனை பிடித்துப் போய், 2 பேர் போதும், அதில் ஒருவராவது வேறு மாநிலத்தவராக இருக்கட்டும் என்று திருத்தினார். ('கவர்னர்' அவருடைய பெயர், பதவி இல்லை. தமிழில் எழுதும்போது இந்தக் குழப்பம் வந்தே தீரும்.) அந்த நிபந்தனை இன்னும் உயிரோடு இருக்கிறது. 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் புஷ், டிக் செனி இருவருமே டெக்சஸில் குடியிருந்தார்கள். அதிபரைத் தேர்ந்தெடுக்க ஒரு மாநிலம் அனுப்பும் தேர்வாளர்கள் தங்கள் மாநிலத்தவர் இருவருக்கே வாக்களிக்க முடியாது என்பதால், செனி அவசர அவசரமாகத் தன் வாக்காளர் பதிவை வயோமிங்குக்கு மாற்றினார்.

யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால்? செனட் தேர்ந்தெடுக்கட்டும் என்று வரைவு சொன்னது. செனட்டுக்கு அதிகாரம் ஏகத்துக்கும் குவிகிறது என்று பலருக்கும் உறுத்தல். செப்டம்பர் 6 அன்று வில்லியம்சன், இரு சபைகளும் சேர்ந்து மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்று போடட்டும் என்றார். உடனே ரோஜர் ஷெர்மன் அதைப் பிரதிநிதிகள் சபைக்கு மட்டும் என்று திருத்தினார். சபை ஏற்றுக்கொண்டது. 1801இல் ஜெஃபர்சனுக்கும் ஆரன் பர்ருக்கும் சமநிலை வந்தபோது 36 சுற்று வாக்கெடுப்பு நடந்தது இந்த ஏற்பாட்டில்தான். 1825இல் ஜான் குவின்சி ஆடம்ஸ் அதிபரானதும் இதே வழியில்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது வீட்டோ விவகாரம். காங்கிரஸ் போட்ட சட்டத்தை அதிபர் நிராகரித்தால், அதை மீறிச் சட்டமாக்க எத்தனை பேர் வேண்டும்? மூன்றில் இரண்டு பங்கு என்று இருந்ததை நான்கில் மூன்று பங்காக உயர்த்தச் சொன்னவர் வில்லியம்சன், ஆகஸ்ட் 15 அன்று. ஒரு மாதம் போனது. செப்டம்பர் 12 அன்று, ஜூரி பற்றிக் கேட்ட அதே நாளில், அவரே எழுந்து அந்த அளவைத் திரும்பக் குறைக்கச் சொன்னார். நான்கில் மூன்று என்று முன்மொழிந்தது நான்தான், இப்போது எனக்குத் தெளிவாகிவிட்டது, அது அதிபர் கையில் அதிகாரத்தை அதிகமாகக் கொடுக்கிறது என்றார். ஜெயித்த தீர்மானத்தைத் தானே தோற்கடிக்கிற அரசியல்வாதியை எங்கே பார்ப்பீர்கள்? மருந்தின் அளவு கூடிவிட்டது, குறைத்து எழுதுகிறேன் என்று டாக்டர்கள்தான் சொல்வார்கள், அதுவும் எல்லா டாக்டரும் இல்லை. இன்றைக்கும் மூன்றில் இரண்டு பங்குதான்.

அடிமைமுறை விஷயத்தில் இந்தக் கண் கை கொடுக்கவில்லை. ஜூலை 11 அன்று, குறிப்பிட்ட கால இடைவெளியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று முன்மொழிந்தவர் இவர். நல்ல யோசனைதான். ஆனால் அதே வரியில், சுதந்திரமான வெள்ளையர்களை முழுதாகவும் மற்றவர்களை ஐந்தில் மூன்று பங்காகவும் எண்ண வேண்டும் என்று இருந்தது. ஆகஸ்டில் அடிமை வணிகம் பற்றிய விவாதம் வந்தபோது, அதைத் தடை செய்தால் தென் மாநிலங்கள் ஒன்றியத்துக்குள் வராது என்றார். மூன்று நாள் கழித்து, கருத்திலும் நடைமுறையிலும் தான் அடிமைமுறைக்கு எதிரி, ஆனாலும் தென் கரோலினாவையும் ஜார்ஜியாவையும் வெளியே தள்ளுவதைவிட இந்த நிபந்தனையோடு உள்ளே விடுவதே மனிதாபிமானம் என்றார். 1808 வரை கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. 1784இல் தன் மாநிலத்தின் மற்றொரு பிரதிநிதியை எதிர்த்து வாக்களித்தவர் இவர் என்பதால்தான், இந்த 'மனிதாபிமானம்' என்ற சொல் கூடுதலாக உறுத்துகிறது. நோய் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாதவர்களை மன்னிப்பது இதைவிடச் சுலபம்.

சரி, அந்த ஜூரிக்கு என்ன ஆனது? மாநாடு முடிந்து ஈடன்டன் திரும்பிய வில்லியம்சன், 1787 நவம்பரில் ஊர் மக்கள் முன்னால் சாசனத்தை ஆதரித்துப் பேசினார். பத்திரிகைச் சுதந்திரத்துக்கு இதில் பாதுகாப்பு இல்லை என்கிறார்களே என்று கேட்டவர்களைக் கேலி செய்தார். விட்டுப்போயிற்று என்று மண்டபத்துக்குள் சொன்னவர், வெளியே வந்து, போனால் பரவாயில்லை என்று சொல்ல வேண்டிய நிலை. மாநிலம் அதை ஏற்கவில்லை. 1788 ஜூலையில் ஹில்ஸ்பரோவில் கூடிய வட கரோலினா மாநாடு, உரிமைப் பட்டியல் இல்லாத சாசனத்துக்கு ஒப்புதல் தராமல் 184க்கு 84 என்ற வாக்கில் கலைந்தது. 1789 ஏப்ரல் 30 அன்று வாஷிங்டன் பதவியேற்றபோது வட கரோலினா அந்த நாட்டிலேயே இல்லை. மேசன் சொன்ன அந்தச் சில மணி நேரத்தை மிச்சம் பிடித்ததற்குக் கொடுத்த விலை இது. மாடிசன் உரிமைத் திருத்தங்களைக் காங்கிரஸில் நிறைவேற்றி அனுப்பிய பிறகுதான், நவம்பர் 21 அன்று ஃபேயட்வில் மாநாட்டில், வில்லியம்சனும் ஒரு உறுப்பினராக உட்கார்ந்திருக்க, மாநிலம் உள்ளே வந்தது. 1791 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தங்களில் ஏழாவது, சிவில் வழக்குகளில் ஜூரி விசாரணை.

அப்போது அவர் காங்கிரஸில்தான் இருந்தார். வட கரோலினாவிலிருந்து போன முதல் பிரதிநிதிகளில் ஒருவராக 1790 முதல் 1793 வரை இருந்தார். மாநிலங்களின் போர்க்கடனை மத்திய அரசே ஏற்கும் ஹாமில்டனின் திட்டத்தை எதிர்த்தார், மீன்பிடிப்புக்கு மானியம் கொடுப்பதை எதிர்த்தார். இந்தக் காலம் பற்றிச் சொல்ல அவ்வளவாக ஒன்றும் இல்லை.

வீட்டில் நடந்தது வேறு. 1789 ஜனவரியில், 53 வயதில், நியூயார்க்கின் மரியா ஆப்தோர்ப்பைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு மகன்கள். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு 1790இல் மரியா இறந்துவிட்டார். பதவிக்காலம் முடிந்ததும் வில்லியம்சன் அரசியலை விட்டு நியூயார்க்கிலேயே தங்கி, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். 1811இல் அமெரிக்கப் பருவநிலை பற்றிய புத்தகம், 1812இல் வட கரோலினாவின் வரலாறு இரண்டு தொகுதிகள். பருவநிலைப் புத்தகத்தில், நாடு இதமாகிக்கொண்டு வருகிறது என்ற பழைய வாதத்தை 40 வருஷம் கழித்தும் விடவில்லை. அந்தப் புத்தகம் வந்த வருஷம்தான் மூத்த மகன் 22 வயதில் இறந்தான். இளையவனும் கொஞ்ச காலத்தில் போய்விட்டான்.

1819 மே 22 அன்று, 83 வயதில், வழக்கம்போல் வண்டியில் வெளியே கிளம்பினார். அந்தப் பருவத்துக்கு வழக்கத்தை மீறிய வெயில் என்று ஹோசாக் குறித்திருக்கிறார். வழியிலேயே மயங்கிச் சாய்ந்தவர் பிழைக்கவில்லை. டிரினிட்டி தேவாலய வளாகத்தில், மனைவி வீட்டாரின் கல்லறைக்குள் அடக்கம் செய்தார்கள்.